பெயரும் பொருளும்: ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் விலை குறித்த அறவியல் நோக்கு

முன்னுரை

தமிழில் ‘பொருள்’ என்னும் சொல் பண்டத்தையும் செல்வத்தையும் சொல் உணர்த்தும் கருத்தையும் ஒருங்கே குறிக்கும். ஒரு பண்டத்திற்குக் கொடுக்கப்படும் விலை அதன் பயனுக்கு உரியதா, அதன்மேல் பொறிக்கப்பட்ட பெயருக்கு உரியதா என்னும் வினா, இம்மூன்று பொருள்களும் சந்திக்கும் இடத்தில் எழுகின்றது. கொல்கத்தாவின் ஒளிப்பட மரபைப் பின்புலமாகவும் ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமராவைச் சான்றாகவும் கொண்டு இவ்வினாவை ஆராய முற்படுகிறது இக்கட்டுரை.

களமும் கருவியும்

இந்தியாவில் ஒளிப்படக் கலை தொடக்கத்திலேயே வேரூன்றிய நகரங்களுள் கொல்கத்தாவும் ஒன்று. வங்காள ஒளிப்படக் கழகம் 1856ஆம் ஆண்டில் இங்குத் தோன்றியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இயங்கிய போர்ன் அண்டு ஷெப்பர்டு நிலையம் 2016இல் மூடப்பட்டது. எஸ்பிளனேடு பகுதியில் மெட்ரோ திரையரங்கை ஒட்டிய சந்து கேமராக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. பெயருக்கும் பயனுக்கும் இடையிலான வழக்கு இத்தகைய கடைத்தெருக்களிலேதான் நாளும் நிகழ்கின்றது.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில், நோக்குச் சாளரத்தில் தெரியும் இரண்டு பிம்பங்கள் ஒன்றாக இணையும்வரை லென்சைத் திருப்பித் தொலைவு கணிக்கப்படும். உள்ளே எழுந்து விழும் கண்ணாடி இல்லாமையால் ஓசை குறைவு. படம் எடுக்கும் நொடியிலும் காட்சி மறைவதில்லை. மிக அண்மைப் பொருள்களையும் மிகத் தொலைவிலுள்ளவற்றையும் எடுப்பதற்கு இது ஏற்றதன்று. இந்நிறையும் குறையும் இவ்வகைக் கருவிகளுக்கெல்லாம் பொதுவானவை. எனினும் 1925இல் சந்தைக்கு வந்த லைக்கா என்னும் பெயரே இவ்வகையின் அடையாளமாக நிலைபெற்றது. அதன் விலையும் ஏனையவற்றினும் பன்மடங்கு உயர்ந்து நின்றது.

இரு சிலம்புகள்

சிலப்பதிகாரத்தில் புறத்தோற்றத்தால் ஒத்த இரண்டு சிலம்புகள் வருகின்றன. ஒன்றன் பரல் முத்து. மற்றொன்றன் பரல் மாணிக்கம். ஆராயாது தீர்ப்பளித்த அரசன், சிலம்பு உடைந்த பின்னரே உண்மையை உணர்கிறான். தோற்றத்தைக் கொண்டு பொருளை முடிவு செய்வது அறப்பிழை ஆகும் என்பதற்கு இதனினும் வலிய சான்று தமிழில் இல்லை எனலாம்.

கேமரா உலகிலும் இத்தகைய சிலம்புகள் உண்டு. சோவியத் நாட்டின் கார்க்கிவ் நகரில், ஆதரவற்ற சிறார்க்காக அமைந்த தொழிற்குடியிருப்பில், லைக்காவைப் பார்த்து 1934இல் ‘ஃபெட்’ கேமரா உருவாக்கப்பட்டது. பிற்காலத்தில் இத்தகைய கேமராக்கள் பலவற்றின் மேல் இருந்த பெயரை அழித்து, லைக்கா என்று பொறித்து, அரும்பொருள் சேகரிப்போரிடம் விற்றனர். இங்கு ஏமாற்றப்படுபவர் வாங்குபவர் மட்டுமல்லர். கருவியைச் செய்த சிறாரின் உழைப்பும் அழிக்கப்பட்ட பெயரோடு மறைக்கப்படுகிறது. பொய்ப்பெயர் பொறித்தல் இருதரப்புக்கும் இழைக்கப்படும் அநீதி என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ரேஞ்ச்ஃபைண்டர் வகையைச் சாராத சிறு கேமராக்களில், பானசோனிக் எல்எக்ஸ்3, லைக்கா டி-லக்ஸ் 4 ஆகிய இரண்டும் 2008இல் வெளிவந்தன. லென்சும் ஒளியுணரியும் ஒன்றே. வெளித்தோற்றத்திலும் சில துணைக்கூறுகளிலும் வேறுபாடு இருந்தது. லைக்காப் பெயர் தாங்கியது கூடுதல் விலை பெற்றது. முன்னதில் புறம் ஒத்து அகம் வேறுபட்டது. பின்னதில் அகம் ஒத்துப் புறம் வேறுபட்டது. இரண்டிலும் பெயரே விலையை ஆண்டது.

பெயருக்குரிய நியாயம்

இதனால் பெயருக்குக் கொடுக்கும் விலை முழுவதும் வீண் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. 1954இல் வெளிவந்த லைக்கா எம்3 கேமராவுக்கெனச் செய்யப்பட்ட லென்சுகளுள் பெரும்பாலானவற்றை அந்நிறுவனத்தின் இன்றைய எம் வகைக் கேமராக்களிலும் பொருத்தலாம். பழுது நீக்கித் தலைமுறை கடந்து பயன்படுத்தத்தக்க பொருளுக்கு மிகுதியாகக் கொடுப்பது விரயமன்று. மேலும், கருவியைத் திறந்து பார்க்கும் அறிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அத்தகையோர்க்குப் பெயர் என்பது நெடுங்காலம் காக்கப்பட்ட வாக்குறுதி. அதற்குரிய கூடுதல் விலை நம்பிக்கைக்குத் தரும் கூலி. வாக்குறுதி காக்கப்படும்வரை அக்கூலி நேர்மையானதே.

2022இல் வெட்ஸ்லரில் நடந்த ஏலத்தில், லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பர்னாக் பயன்படுத்திய கேமரா 1.44 கோடி யூரோவுக்கு விலைபோனது. அங்கு விற்கப்பட்டது படமெடுக்கும் திறனன்று, வரலாறு. வாங்கியவரும் விற்றவரும் அதனை அறிந்தே இருந்தமையால் அதில் வஞ்சனை இல்லை. வரலாற்றின் விலையைத் திறனின் விலையாகக் காட்டி, படம் எடுக்கக் கற்கும் இளைஞரிடம் பெறும்போதுதான் குற்றம் தொடங்குகிறது. அவர் பெயருக்காக மிகுதியாகக் கொடுக்கும் தொகை, ஓராண்டுக்கான படச்சுருளாகவோ ஒரு நெடும்பயணமாகவோ ஆகியிருக்கக்கூடும்.

கண்ணும் கருவியும்

கார்த்தியே-பிரெசோன் லைக்காவுடன் 1947இல் இந்தியா வந்தார். அவருடைய இந்தியப் படங்களின் தொகுப்பு 1987இல் வெளிவந்தபோது கொல்கத்தாவின் சத்யஜித் ராய் முன்னுரை எழுதினார். அப்படங்களின் சிறப்பைக் கருவியின் சிறப்பாகக் கொள்வது காரணகாரியப் பிழை. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைச் சுனில் ஜானா எடுத்த படங்களின் முன் நிற்பவர், எந்த நிறுவனத்தின் கேமரா என்று கேட்பதில்லை. அங்குப் பேசுவது பசித்தோர் முன் நின்ற ஒரு மனிதரின் கண்.

முடிவுரை

பட்டினப்பாலை காட்டும் வணிகர் மிகையாகக் கொள்ளாதவர், குறைவாகக் கொடாதவர். அவ்வறம் விற்பவர்க்கு உரியது. எப்பொருளாயினும் அதன் மெய்யைக் காண வேண்டும் என்னும் வள்ளுவர் அறம் வாங்குபவர்க்கும் உரியது. பெயர் ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகலாம், முடிவாதல் கூடாது. பாண்டியன் அவையில் சிலம்பு உடைக்கப்பட்டது தீர்ப்புக்குப் பின்னர். கடைத்தெருவில் விலை கொடுக்கும் முன்னரே அதன் பரலைக் காண முயல்வதே அறிவும் அறமும் ஆகும்.