நேத்து இல்லாத மரம்

 

வள்ளி திருமணக் கதைன்னா நம்ம எல்லாருக்கும் கிழவரும் யானையும்தான் ஞாபகம் வரும். நடுவுல வர்ற வேங்கை மரத்தைச் சட்டுனு தாண்டிடுவோம். வேடனா வந்த முருகன் வள்ளிகிட்ட பேசிட்டு இருக்கும்போது நம்பிராஜன் தன் ஆட்களோட தினைப்புனத்துக்கு வந்துடுறார். முருகன் வேங்கை மரமா மாறி நிக்கிறார். கூட வந்த வேடர்களுக்குச் சந்தேகம்: இந்த மரம் இங்க இருந்ததே இல்லையே, ஏதோ கெடுதல் வரப்போகுது, வெட்டிடலாம். நம்பி தடுத்து, மகளுக்குத் துணையா நிக்கட்டும்னு விட்டுடுறார். இது கந்தபுராணத்தில் இருக்கு.

வேடர்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. மரம் நிஜமாவே புதுசு. நம்பிக்கும் அது யாருன்னு தெரியாது. தெரியாமலேயே வெட்ட வேண்டாம்னு சொன்னார். அந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்க மரக்காணம் பக்கம் உப்பளத்தில் மறைவே கிடையாது. பாத்தி, வரப்பு, வெள்ளையா உப்புக் குவியல். ஒருத்தன் நின்னா ரொம்ப தூரத்துக்குத் தெரியும். அங்க 17 வயசுப் பையன் ஒருத்தன் பஸ்ஸை விட்டு இறங்கி வர்றான்னு வச்சுக்கோங்க. தமிழ் தெரியாது. வேலை கேட்கத் தயங்கி நிக்கிறான். போனைப் பார்க்கிறான், வழி தெரியாம ரெண்டு தடவை அதே தெருவுல நடக்கிறான். நோட்டம் விடுறவனும் இதையேதான் செய்வான். சாயங்காலம் அவன் போட்டோ ஊர் குரூப்ல வந்துடும்.

இப்ப அவன் தன்னை எப்படி நிரூபிப்பான்? ஆதார் அட்டையில பேர் இருக்கும், குணம் இருக்காது. ஒருத்தன் நல்லவன்னு ஊர் நம்பணும்னா அவனைத் தெரிஞ்ச ஒருத்தர் சொல்லணும். புதுசா வந்தவனுக்கு இல்லாதது அந்த ஒருத்தர்தான். பாஸ் ஆகவே முடியாத பரீட்சையை வச்சுட்டு, அவன் ஃபெயில்னு நாம சொல்றோம்.

2018 மே மாசம் என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸ்ஆப்ல வதந்தி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர்ல, குலதெய்வம் கோயிலுக்குக் கார்ல வந்த சென்னைக் குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கு. அவ்வளவுதான். கூட்டம் அடிச்சதில் 65 வயசு அம்மா ஒருத்தர் இறந்துட்டாங்க. அதே வாரம் பழவேற்காட்டில், அதுவும் கடலோர ஊர், சும்மா சுத்திட்டு இருந்த ஒருத்தரை அடிச்சுக் கொன்னு பாலத்தில் தொங்கவிட்டாங்க. அடிச்சவங்க பலபேர் பிள்ளைங்களைப் பத்தின நிஜமான பயத்தில் இருந்தவங்கதான். அந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன்.

அந்த ஜூலையில் வாட்ஸ்ஆப் இந்தியாவில் ஒரு ஃபார்வர்டுக்கு 5 சாட்னு கட்டுப்பாடு வச்சது. அப்ப ஒரு குரூப்ல 256 பேர் வரைக்கும் இருக்கலாம். 5 குரூப்னா 1280 பேர். ஒரு சின்ன ஊருக்கு இது தாராளம்.

என் வேலையில் ‘ஜீரோ டிரஸ்ட்’னு ஒண்ணு உண்டு. யாரையும் முன்கூட்டியே நம்பாதேங்கிறதுதான் அது. ஆனா அங்க கேள்வி எல்லாருக்கும் ஒண்ணு. கம்பெனி சிஇஓ வந்தாலும் லாகின் கேட்கும். பதில் சொல்ல வழியும் கொடுக்கும். ஊர்ல நாம வேற முகம், வேற பாஷைக்கு மட்டும் கேட்கிறோம். பல நேரம் கேட்கிறதுகூட இல்லை, போட்டோவோட சரி.

சங்க காலத்து எயிற்பட்டினம் நம்ம மரக்காணம்தான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. சிறுபாணாற்றுப்படையில், முன்ன பின்ன தெரியாத பாணர்களுக்கு அந்த ஊர் வழியா போகச் சொல்லி, பரதவர் சுட்ட மீனும் கள்ளும் கொடுப்பாங்கன்னு நம்பிக்கையா சொல்லி அனுப்புறாங்க. (கள்ளை விடுங்க!) ஊர் பேர் கேட்டாலே சோறு உண்டுன்னு ஒரு காலத்தில் எழுத முடிஞ்சிருக்கு.

அந்தப் பையனைத் தெரிஞ்ச ஒருத்தர் இல்லைன்னா, ஊர்ல யாராவது ஒருத்தர் அப்படி ஆகணும். பக்கத்தில் போய், “யாருப்பா நீ, சாப்ட்டியா?”ன்னு கேட்கணும். பாஷை புரியலைன்னா ஒரு டீ வாங்கிக் கொடுங்க. 18 வயசுக்குள்ள தனியா வந்தவன்னா 1098-க்கு போன் பண்ணலாம், குழந்தைகளுக்கான உதவி எண் அது. நிஜமாவே தப்பு பண்ணியிருந்தா போலீஸ் இருக்கு.

அடுத்த தடவை குரூப்ல ஒரு புது முகத்தோட போட்டோ வந்தா, “இவன்கிட்ட நேர்ல பேசினது யாரு?”ன்னு மட்டும் டைப் பண்ணிப் பாருங்க. என்ன பதில் வருதுன்னு எனக்கும் சொல்லுங்க.

வேலும் மயிலும் துணை.