பிரித்தவர் கடன்

ஒரு பொருளைப் பிரித்துப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு? உடையவர்க்கு உண்டு என்பது சட்டத்தின் விடை. அறிய விரும்புவோர்க்கு உண்டு என்பது அறிவியலின் விடை. அறத்தின் விடை இவ்விரண்டினும் சற்றே வேறுபட்டது. மீண்டும் கூட்டி வைக்கும் கடனை ஏற்றுக்கொள்பவர்க்கே பிரிக்கும் உரிமை உண்டு என்பதே அது. இக்கருத்தை ஆராய நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, பழைய மோட்டார் வண்டியின் கியர்ப் பெட்டியை வீட்டு வாசலிலேயே கழற்றி மீண்டும் பூட்டுகின்ற வேலை. இலக்கிய மலரில் இயந்திரத்திற்கு என்ன இடம் என அன்பர்கள் வினவலாம். ஏரும் தறியும் குயவன் சக்கரமும் நம் முன்னோர்க்கு உவமைகளாயின. நம் காலத்து வாழ்வு மோட்டார் வண்டியில் ஓடுகிறது. உவமையும் அங்கிருந்து வருவதில் குற்றமில்லை.

கொல்கத்தாவில் வாழும் தமிழர்க்கு அம்பாசிடர் வண்டியை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலேய வண்டியின் வழிவந்த அது, 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை, ஹூக்ளி ஆற்றின் கரையில் உள்ள உத்தரபாராவில் உருவாயிற்று. மத்திய அரசின் அதிகாரிகள் அதில் வந்து இறங்குவார்கள். நம் போன்ற எழுத்தர்கள் அதில் ஏறி அமர்ந்ததைவிட, அது அலுவலக முற்றத்தில் வந்து நிற்கக் கண்டு எழுந்து நின்றதே அதிகம். அத்தகைய வண்டி ஒன்றை நம் குடியிருப்பில் வாழும் அன்பர் ஒருவர் ஏலத்தில் எடுத்து, இன்றும் பேணி வருகிறார். அவர் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மைந்தனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் கியர்ப் பெட்டியை இறக்கி ஏற்றினார்கள். விளக்குப் பிடிக்கும் பணி நமக்கு வாய்த்தது. கை ஓய்ந்திருப்பவனுக்குச் சிந்திக்க நேரம் உண்டு அல்லவா?

கியர்ப் பெட்டியை ஏன் இறக்க வேண்டும்? பெரும்பாலும் அந்தப் பெட்டியில் குற்றம் இராது. இயந்திரத்திற்கும் பெட்டிக்கும் இடையில் கிளச்சுத் தட்டு என்னும் வட்டத் தகடு ஒன்று உண்டு. அதன் இருபுறமும் உராய்வுப் பூச்சுத் தட்டுகள் ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். சில மில்லிமீட்டர் கனமே உள்ள அப்பூச்சுத்தான் இயந்திரத்தின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கடத்துகிறது. நாள்தோறும் தேய்வதே அதன் வாழ்வு. தேய்ந்தபின் இயந்திரம் உறுமும், வண்டி ஊரும். மேம்பாலத்தில் ஏறும்போது அதன் இயலாமை ஊரறிய வெளிப்படும். அந்த மெல்லிய தட்டை மாற்ற வேண்டுமானால் கனத்த பெட்டி முழுவதையும் பின்னோக்கி இழுத்து இறக்கியே ஆகவேண்டும். வேறு வழியில்லை.

இங்கே முதல் சோதனை எழுகிறது. இத்தனை பெரிய வேலையா என்று அஞ்சி, இன்னும் சில திங்கள் ஓடட்டும் என்று விட்டுவிடுவோர் பலர். அவர்களுடைய பொறுமையைத் தேய்மானம் மதிப்பதில்லை. பூச்சு முற்றும் தேய்ந்தால் உள்ளிருக்கும் ஆணித்தலைகள் வெளிப்பட்டு, எதிரே சுழலும் பறக்கும் சக்கரத்தின் வழவழப்பான முகத்தைக் கீறிவிடும். ஒரு தட்டின் விலையோடு போயிருக்க வேண்டியது, சக்கரத்தையும் கழற்றிக் கடைசலுக்கு அனுப்புவதில் முடியும். பிரிக்க அஞ்சுவதும் ஒரு குற்றம் என்பதை முதலில் உணர வேண்டும்.

திருக்குறளில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அஞ்சாது தொடங்குவது திட்பம். தொடங்கியதை முறையாகச் செய்வது செயல்வகை. தூய்மையை வள்ளுவர் ஏன் முதலில் வைத்தார் என்னும் வினாவுக்குப் பின்னர் வருவோம். செயல்வகையை இப்போது காண்போம்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பேட்டரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே வேலை தொடங்கியது. ஜாக்கியால் உயர்த்திய வண்டியை உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் அமர்த்தினார்கள். எண்ணெய் அழுத்தத்தால் நிற்கும் ஜாக்கி, உள்ளிருக்கும் சிறு வளையம் ஒன்று கசிந்தாலும் இறங்கிவிடும். செங்கல் அடுக்கு சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை கொடுப்பவர் தம் குடும்பத்தையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

அடுத்துக் கண்டது நம்மை வியக்க வைத்தது. பெட்டியின் பழைய எண்ணெயை வடிப்பதற்கு முன்னர், எண்ணெய் ஊற்றும் துளையின் மூடி திறக்கிறதா என்று அவர் பார்த்தார். காரணம் எளியது. வடிகால் மூடியைத் திறந்து எண்ணெயை எல்லாம் இழந்தபின், துருவேறிய மேல்மூடி திறக்க மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். நிரப்பும் வழியை உறுதி செய்துகொண்டபின் வடிப்பதே முறை. இப்பாடம் கியர்ப் பெட்டிக்கு மட்டும் உரியதோ?

பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டைக் கழற்றுமுன், அதன் விளிம்பிலும் எதிர் விளிம்பிலும் வெள்ளை வண்ணத்தால் ஒரு கோடு இட்டார். திரும்பப் பூட்டும்போது கோடும் கோடும் சேரவேண்டும். சேராவிடில் சமநிலை மாறி வண்டி அதிரக்கூடும். ஓர் அட்டையில் பெட்டியின் முன்முகத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டுகளை அவை இருந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்தான் மைந்தன். எல்லாம் ஒன்று போலவே தோன்றும். நீளம் மட்டும் வேறுபடும். இயந்திரத்தின் பின்பாரத்தைத் தாங்குவது கியர்ப் பெட்டியே ஆதலால், அதை எடுக்குமுன் இயந்திரத்தின் அடியில் மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுத்தார்கள். ஒன்றை விலக்கும்போது அது எதைத் தாங்கி நின்றது என்று கேட்பது எத்தனை இன்றியமையாதது! பின்னர்ப் பெட்டியைச் சாயவிடாமல், நேர்கோட்டில் பின்னிழுத்து இறக்கினார்கள். முன்தண்டு கிளச்சுத் தட்டின் நடுவே செருகியிருக்கும் நிலையில் பெட்டியின் பாரம் அதன்மேல் தொங்கினால் தட்டு வளைந்துவிடும்.

இறக்கிய பெட்டி சாக்கின்மேல் கிடந்தது. நீண்ட தண்டு சுவரோரம் சாய்ந்திருந்தது. அட்டை முழுதும் போல்ட்டுகள். அக்காட்சியைக் கண்டபோது, மிலிந்த மன்னனுக்கும் நாகசேனத் துறவிக்கும் நடந்ததாகப் பௌத்த நூல் கூறும் உரையாடல் நினைவுக்கு வந்தது. சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா எனத் துறவி வினவ, எதுவும் இல்லை என்று மன்னன் ஒப்புக்கொள்கிறான். உறுப்புகள் கூடிய கூட்டத்திற்கு வழங்கும் பெயரே தேர் என்னும் முடிவு பெறப்படுகிறது. தத்துவத்தில் நமக்கு மாறுபாடில்லை. ஆயினும் வாசலில் கிடந்த உறுப்புகளில் ஒன்றும் குறையவில்லை; வண்டி மட்டும் இல்லை. குறைந்தது ஒழுங்கு. ஒன்றை ஒன்று தாங்கும் உறவு அங்கே இல்லை. பிரிப்பவர் உறுப்புகளை அறிகிறார். அந்த உறவைக் கூட்டுபவரே அறிகிறார். ஆகவே பிரிப்பதோடு நின்றவர் பெற்ற அறிவு பாதி அறிவே.

இரண்டாம் ஞாயிறன்று, மல்லிக் பஜாரில் தேடி வாங்கிய புதிய தட்டு பொருத்தப்பட்டது. பெட்டியைத் தூக்கி நிறுத்தினர். முன்தண்டின் வரிப்பற்கள் தட்டின் வரிப்பற்களோடு இசைய வேண்டும். கால் அங்குல இடைவெளியில் பெட்டி நின்றுவிட்டது. போல்ட்டுகளை மாட்டி முறுக்கினால் பெட்டி தானே இழுபட்டு வந்துவிடாதா என்று மைந்தன் கேட்டான். வரும், தட்டின் நடுவையோ பெட்டியின் காதையோ உடைத்துக்கொண்டு வரும். வலிமையால் சேர்த்தது சேர்க்கை ஆகாது. தந்தையார் பின்புறத் தண்டை மயிரிழை அளவு திருப்பினார். மெல்லிய ஓசையோடு பெட்டி தானே உட்சென்று அமர்ந்தது. அதன்பின்னரே போல்ட்டுகள் முறுக்கப்பட்டன.

கடைசியில் ஒரு போல்ட்டு எஞ்சியது. பெட்டியின் உச்சியில், உடற்சுவரை ஒட்டி, கண்ணுக்குப் படாத இடத்தில் அதன் துளை இருந்தது. விரல் நுனி மட்டுமே எட்டும். மற்றவை எல்லாம் இறுகிவிட்டன. இந்த ஒன்று இல்லாவிடினும் வண்டி ஓடும். “யார் அப்பா அங்கே போய்ப் பார்க்கப் போகிறார்கள்?” என்றான் மைந்தன். தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. “நாளைக்கு இதிலேதானே உன் அம்மா கோயிலுக்குப் போகிறாள்” என்றார். அந்த ஒரு போல்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

வள்ளுவர் தூய்மையை முதலில் வைத்த காரணம் அப்போது நமக்கு விளங்கியது. செயலில் அது கடைசியில்தான் சோதிக்கப்படுகிறது. உடல் களைத்து, பொழுது சாய்ந்து, வேலை முடிந்தது போலத் தோன்றும் நேரத்தில், மறைவான ஒரு துளையில் அது வந்து நிற்கிறது. அந்நேரத்தில் புதிதாக முடிவெடுக்க முயல்பவர் தோற்பார். தொடங்குமுன்பே முடிவெடுத்தவர்தாம் நிற்பார். விடுபட்ட போல்ட்டின் பாரத்தை மற்றவை சுமக்கும். அவை தளர்வது எத்தனையோ மைல்களுக்குப் பின் நிகழலாம். அன்று வண்டியில் அமர்ந்திருப்பவர் வேறு யாரோ. அல்லது பின்னொரு நாள் அப்பெட்டியைத் திறக்கும் தொழிலாளி, நம் பெயரறியாமலே நம்மை மதிப்பிடுவார். மறைவிடத்து வேலை, முகமறியாத ஒருவர்க்கு நாம் எழுதும் மடல்.

எழுத்தர் தொழிலும் இதற்கு விலக்கன்று. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படி எடுப்பது எளிது. அதே பக்க எண்ணில் அதைத் திரும்பச் சேர்ப்பதை எந்த மேலதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. சேர்க்காமற்போன ஒரு தாளால், என்றோ ஒருநாள், எங்கோ ஒரு கைம்பெண்ணின் குடும்ப ஓய்வூதியம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தாளைத் தொலைத்தவர்க்கு அவள் முகம் தெரியாது.

தொழில் அறிந்தவரிடம் விடுவதுதானே அறிவுடைமை என்று கேட்கலாம். கூட்டும் ஆற்றல் தமக்கில்லை என்று அறிந்தவர் அவ்வாறே செய்ய வேண்டும், அதில் இழிவில்லை. ஆனால் ஒருநாள் விளக்குப் பிடித்து நின்றவர்க்கும் ஒரு பயன் உண்டு. மெக்கானிக்கின் கூலியைக் கேட்டு இனி அவர் பேரம் பேசமாட்டார்.

இக்கடமை இயந்திரத்தோடு நிற்பதன்று. ஊர் பெயர்ந்து வாழும் நம் இல்லங்களில் பிள்ளைகள் வினவுகிறார்கள். இந்தச் சடங்கு எதற்கு? இந்த வழக்கம் ஏன்? வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் போதாதென்று தமிழை வேறு ஏன் எழுதிப் பழக வேண்டும்? பெற்றோரில் சிலர் தொடாதே என்று அதட்டுகிறார்கள். அது தேய்ந்த தட்டோடு வண்டியை ஓட்டும் அச்சம். பிள்ளைகளில் சிலர் எல்லாவற்றையும் பிரித்து வாசலில் போட்டுவிட்டுச் செல்கிறார்கள். அது போல்ட்டுகளைச் சிதறவிடும் அவசரம்.

கழற்றிய எல்லாவற்றையும் திரும்பப் பூட்ட வேண்டும் என்பது நம் வாதமன்று. தேய்ந்த தட்டைத் திரும்பப் பூட்டுபவர் உண்டோ? வரதட்சிணை அத்தகைய தட்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கழற்றச் சொல்லிற்று. பிறந்த வீட்டில் பெண்ணுக்கு ஒரு பங்கு வேண்டும் என்பதற்காகவே அது வந்தது என்பாரும் உளர். அந்த இடத்தைக் காலியாக விடாமல் நிரப்பியவை பெண்கல்வியும், 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் இந்தியா முழுமைக்கும் வந்த சொத்துரிமைத் திருத்தங்களும் ஆகும். சட்டம் பங்கைக் கொடுத்தது. அதைத் தம் மகளுக்கு மனமாரப் பகிர்ந்தளிக்கும் தந்தை எத்தனை பேர் என்பதே இறுக்கப்படாமல் நிற்கும் போல்ட்டு. அது வீட்டிற்குள் மறைவான இடத்தில் இருக்கிறது. அதை வந்து பார்ப்பாரும் இல்லை.

ஆகவே நம் இளைஞர்களை நோக்கி நாம் வேண்டுவது ஒன்றே. எதை வேண்டுமானாலும் பிரித்துப் பாருங்கள். பிரிக்குமுன் அது எதைத் தாங்கி நிற்கிறது என்று கேளுங்கள், கோடு இட்டு வைத்துக்கொள்ளுங்கள், பழுதானதை மாற்றுங்கள். பெரியோர்களை நோக்கி வேண்டுவதும் ஒன்று உண்டு. பிரிக்கும் பிள்ளையின் கையைத் தட்டிவிடாதீர்கள். அருகில் நின்று விளக்குப் பிடியுங்கள். அவன் கடைசிப் போல்ட்டை மாட்டி முடிக்கும்வரை, கை வலித்தாலும் விளக்கைத் தாழ்த்தாதீர்கள்.