கைக்குத் தெரிந்த வானம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்து ஏட்டுச் சுரைக்காய் எழுத்தாணியால் கீறியது. அதற்கு எடை இல்லை. நறுக்கினால் நீர் வடியாது. ஆகவே அதைக் கண்டு யாரும் ஏமாற வழியில்லை. இந்தக் காலத்து ஏட்டுச் சுரைக்காய் அப்படிப்பட்டதல்ல. அதைத் தொடலாம், தூக்கலாம், நறுக்கலாம். பசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அது தீர்த்துவிடும் போலத் தோன்றும்.

விமானிகளைப் பழக்கும் சிமுலேட்டர் என்ற இயந்திரத்தைத்தான் சொல்கிறேன். தரையில் நிற்கும் ஒரு கூண்டு. உள்ளே போனால் அசல் விமானியின் அறை. ஜன்னலில் ஓடுதளம் தெரிகிறது, மழை பெய்கிறது, கூண்டு குலுங்குகிறது. ஒரு வகை விமானத்தை ஓட்டும் தகுதியை முழுக்க முழுக்க இந்தக் கூண்டுக்குள்ளேயே சம்பாதித்துக்கொள்ள இன்று பல நாடுகளில் விதி இடம் தருகிறது. ஏற்கெனவே வேறு விமானம் ஓட்டியவராக இருப்பார் என்பது உண்மை. ஆனால் இந்த வகை விமானத்தில் அவர் முதன்முதலாக நிஜமாகப் பறக்கும்போது, பக்கத்தில் ஒரு மூத்த விமானியும் பின்னால் பயணிகளும் இருப்பார்கள். அந்தப் பயணி நீங்களாக இருக்கலாம், நானாக இருக்கலாம். ஆகையால், ஆபத்தே இல்லாமல் கற்ற கல்வி கல்வியாகுமா என்பது விமானிகளுக்கு மட்டும் உரிய கேள்வி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

முதலில் அந்தக் கூண்டுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். அதன் மூதாதையை 1929-ல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் செய்தார். அவர் ஆர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. வாத்தியத்துக்குக் காற்று ஊதும் துருத்தியை வைத்தே ஒரு பொம்மை விமானத்தைச் சாயவும் நிமிரவும் வைத்தார். பல காலம் அதை விளையாட்டுச் சாமானாகவே பார்த்தார்கள். 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் தபால் சுமந்து பறந்து ஒருவர்பின் ஒருவராக மாண்ட பிறகுதான் ராணுவம் விழித்துக்கொண்டு அவற்றில் ஆறை வாங்கியது. என்ஜின் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதை நிஜமாகத் தீ வைத்துக் கற்றுக்கொள்ள முடியாது. அந்தப் பாடத்தைக் கூண்டில் படித்ததனால் உயிர் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். அதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஆனாலும் கூண்டில் ஒன்று குறைகிறது. அது என்னவென்று 2009-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி நடந்த சம்பவம் காட்டிவிட்டது. நியூயார்க்கில் மேலெழும்பிய ஒரு விமானத்தின் இரண்டு என்ஜின்களிலும் வாத்துக் கூட்டம் புகுந்தது. இரண்டும் சக்தி இழந்தன. தலைமை விமானி சல்லன்பர்கர் மூன்றரை நிமிஷத்துக்குள் ஹட்சன் நதியில் விமானத்தை இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். பிறகு விசாரணை நடந்தது. விமான நிலையத்துக்கே திரும்பியிருக்க முடியாதா என்று சிமுலேட்டரில் நடத்திப் பார்த்தார்கள். பறவை மோதிய கணத்திலேயே திரும்பியவர்களில் பலர் ஓடுதளத்தை எட்டினார்கள். நிலைமையைப் புரிந்துகொள்ள மனிதனுக்கு வேண்டிய நேரம் என்று 35 விநாடியைச் சேர்த்துப் பார்த்தபோது எட்ட முடியவில்லை.

அந்த 35 விநாடிதான் என் கட்சி. கூண்டில் உட்கார்ந்தவர்களுக்குப் பறவை வரப்போகிறது என்பது முன்பே தெரியும். திகைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. நிஜத்தில் அகப்பட்டவருக்கு, இது நடக்கிறதா என்று நம்பவே சில விநாடிகள் போய்விடும். அந்தத் திகைப்பைத் தாண்டி வர அவருக்குத் துணை நின்றது ஏறத்தாழ இருபதாயிரம் மணி நேரம் நிஜ வானத்தில் இருந்த பழக்கம். விமானத்தின் கம்ப்யூட்டரும் உதவியது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நதியா, ஓடுதளமா என்று தீர்மானித்தது கம்ப்யூட்டர் அல்ல.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ-320 விமானம் ஓடுதளத்துக்கு முன்னாலேயே கோல்ப் மைதானத்தில் விழுந்து தீப்பற்றியது. அதில் இருந்த 146 பேரில் 92 பேர் மாண்டார்கள். அந்த வகை விமானம் இந்தியாவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விமானிகள் இருவரும் கற்றுக்குட்டிகள் அல்லர். பல்லாயிரம் மணி பறந்தவர்கள். ஆனால் அந்த இயந்திரத்துக்குப் புதியவர்கள். இறங்கும்போது கம்ப்யூட்டர், என்ஜின்களைச் சக்தியில்லாமல் சும்மா சுழலும் நிலையில் வைத்திருந்தது. வேகம் குறைந்துகொண்டே வந்ததை அவர்கள் உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது.

இவர்களுக்குத்தான் அனுபவம் இருந்ததே, பின் ஏன் விழுந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அந்த விமானத்தின் ஒரு சிறு அமைப்பில் இருக்கிறது. பழைய விமானங்களில் என்ஜினின் சக்தியை இயந்திரமே கூட்டினாலும் குறைத்தாலும் விமானியின் கைக்கடியில் இருக்கும் கைப்பிடி முன்னும் பின்னும் நகரும். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் உள்ளங்கைக்குச் செய்தி வந்துகொண்டேயிருக்கும். ஏ-320-ல் கைப்பிடி ஒரே பள்ளத்தில் அசையாமல் நிற்கும். சக்தி கூடுவதும் குறைவதும் திரையில் ஓடும் எண்களில் மட்டும் தெரியும். பல்லாயிரம் மணி நேரம் கையால் கற்ற பாஷையை அந்த விமானம் பேசவில்லை.

இதை எனக்கு விளங்க வைத்தது விமானப் புத்தகம் ஒன்றுமல்ல. ஆரணிப் பட்டு வட்டாரத்தில், வெம்பாக்கத்தில், ஒரு குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பேச்சு. காஞ்சிபுரத்துக்கு அப்பால் பரந்தூரில் விமான நிலையம் வரப்போகிறது என்று 2022-ல் செய்தி வந்ததிலிருந்து அந்தப் பக்கத்தில் விமானப் பேச்சுக்குக் குறைவில்லை. தறியில் இருந்த பெரியவருக்கு வயது எழுபதுக்கு மேல். விமானம் தானே பறக்குமாமே என்றார். ஆமாம், பெரும்பாலான நேரம் தானேதான் பறக்கிறது என்றேன்.

"அப்ப ஓட்டுறவருக்கு எப்படிங்கய்யா தெரியும்? இங்கே பாவுல சிக்கு விழுந்தா கண்ணு பார்க்கிறதுக்கு முன்னாடி காலுக்குத் தெரிஞ்சிடும். மிதி கனக்கும். என் பேரன் கம்ப்யூட்டர்ல பார்டர் போடுறான், நல்லாத்தான் போடுறான். ஆனா மிதி கனக்கிறதைக் கம்ப்யூட்டர் சொல்லித் தராது. இங்கே குழியில வந்து உட்காருடான்னு நான்தான் சொல்லணும்" என்றார்.

அவர் கம்ப்யூட்டரின் விரோதி அல்ல. பேரன் போடும் பார்டரை எனக்குப் பெருமையோடு எடுத்துக் காட்டினார். அவர் சொன்னது ஒன்றுதான்: அறிவில் ஒரு பங்கு காலில் இருக்கிறது, கால் குழிக்குள் இருந்தால்தான் அது வரும்.

இந்தப் பங்கு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூரைக் காட்டிலும் கொடிய சாட்சி 2009 ஜூன் 1-ந் தேதி அட்லாண்டிக் கடலில் மூழ்கியது. ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. அந்த அடைப்பு ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அளவு தவறியதும் ஆட்டோ பைலட் தன் பொறுப்பைக் கைவிட்டு விமானத்தை மனிதரிடம் ஒப்படைத்தது. தலைமை விமானி ஓய்வெடுக்கப் போயிருந்தார். நள்ளிரவு, புயல் மேகம், இளைய விமானி மூக்கை மேலே தூக்கினார். தூக்கத் தூக்க இறக்கை காற்றின் பிடியை இழந்தது. நாலரை நிமிஷத்துக்குள் 228 பேரோடு விமானம் கடலில் விழுந்தது. விழும் வரையில் என்ஜின்கள் வேலை செய்துகொண்டிருந்தன. அவ்வளவு உயரத்தில் கையால் ஓட்ட அந்த இளைய விமானிகளுக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை என்று 2012-ல் வெளியான விசாரணை அறிக்கை சொல்லிற்று.

நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது அந்த ஒப்படைப்பைத்தான். குடும்பத்தில் ஒரு காரியத்திலும் தலையிட விடாமல் வளர்த்த பிள்ளையிடம், தகப்பனார் கண்ணை மூடிய இரவில், கடன்காரன் வாசலில் நிற்கும்போது, சாவிக்கொத்தைக் கொடுப்பதற்குச் சமம் அது. எல்லாம் சுகமாக இருக்கும்போது இயந்திரம் ஓட்டுகிறது. தன்னால் முடியாது என்று வரும்போது மனிதனைக் கூப்பிடுகிறது. அப்படியானால் மனிதனுக்கு மிஞ்சும் வேலை எல்லாவற்றிலும் கடினமான வேலை. பழகிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசமோ மிகக் குறைவு. அமெரிக்க விமானத் துறையே 2013-ல், பொருத்தமான வேளைகளில் விமானிகளைக் கையால் ஓட்டச் சொல்லுங்கள் என்று கம்பெனிகளுக்கு எழுதும்படி ஆயிற்று.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அது பலமான வாதம். இயந்திரம் வந்த பிறகு விமான விபத்துகள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. மனிதன் தூங்குகிறான், களைக்கிறான், கோபப்படுகிறான். இயந்திரத்துக்கு அவை இல்லை. உண்மைதான். அனுபவம் என்ற பெயரால் பொய்யும் நடக்கிறது. நம் நாட்டில் வர்த்தக விமானியாக 200 மணி பறந்திருக்க வேண்டும். பறக்காத மணிகளைப் பறந்ததாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட மோசடி 2011-ல் ராஜஸ்தானில் வெளிப்பட்டது. நேர்மையான சிமுலேட்டர் அத்தகைய அனுபவத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் அந்த மோசடியை நினைத்து நாம் ஏன் பதறுகிறோம்? அவர்கள் பாடம் தெரியாதவர்கள் என்பதனால் மட்டுமல்ல. தாங்கள் செலுத்தாத விலையைச் செலுத்தியதாகச் சொன்னார்கள் என்பதனால். தனியாக ஒரு சிறு விமானத்தை முதன்முதல் மேலே கொண்டு போகிறவன், தானே அதைக் கீழே இறக்கியாக வேண்டும். 'மறுபடி ஆரம்பி' என்று அழுத்த அங்கே பொத்தான் இல்லை. அந்த ஒரு தெளிவு மனிதனைக் கவனமுள்ளவனாக்குகிறது. தன் உயிரையும் மற்றவர் உயிரோடு ஒரே தட்டில் வைத்தவனைத்தான் நாம் நம்புகிறோம். மாலுமியையும் மருத்துவச்சியையும் நம் ஊர்களில் அப்படித்தான் நம்பினார்கள்.

இங்கே பயணிகளாகிய நம்முடைய குற்றமும் ஒன்று இருக்கிறது. அனுபவமுள்ள விமானி வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறோம். அவர் அனுபவம் பெறும் விமானத்தில் மட்டும் நாம் இருக்கக் கூடாது என்கிறோம். இந்த முரண்பாட்டுக்கு உலகம் கண்ட பழைய வழி ஒன்றே. மூத்தவருக்குப் பக்கத்தில் இளையவர் உட்கார வேண்டும். கையைக் கொடுத்துவிட்டு, தன் கையை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் பொறுமை மூத்தவருக்கு வேண்டும். பெரிய விமானங்களுக்கும் ஒரு விமானி போதும், மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று இப்போது சிலர் யோசிக்கிறார்கள். சம்பளம் மிச்சமாகும் என்பது கணக்கு. அந்த இரண்டாவது நாற்காலியை எடுத்துவிட்டால் போவது ஒரு சம்பளம் மட்டுமல்ல. நாளைய தலைமை விமானி படிக்கும் பள்ளிக்கூடமும் அதோடு போய்விடும்.

கூண்டு இருக்கட்டும், அதில் தீயையும் புயலையும் பழகட்டும். ஆட்டோ பைலட்டும் இருக்கட்டும். நெடும் பயணத்தில் மனிதனின் களைப்பைத் தாங்கட்டும். ஆனால் வானம் தெளிந்த ஒரு காலையில், அவசரம் ஒன்றும் இல்லாதபோது, இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓர் இளைய விமானி தன் கையாலேயே விமானத்தை இறக்கட்டும். அன்று சக்கரம் தரையைத் தொடும்போது சற்றுக் கூடுதலாகக் குலுங்கினால், நாம் முணுமுணுக்காமல் இருப்போம். என்றோ ஒரு நாள், முன்பின் தெரியாத யாரோ சிலரைக் காப்பாற்றுவதற்கு அவர் கற்றுக்கொண்டிருக்கிறார்.