வலிக்காத நோய்

மனிதன் வைத்தியத்தை நாடுவது குணமடைவதற்காக என்பது பாதி விளக்கம்தான். வலி உடம்பில் நேரும் ஒரு சம்பவம் மட்டுமல்ல. எனக்கு ஏன், இப்போது ஏன் என்ற கேள்வியும் அதனுள் இருக்கிறது. மருந்து வலியைத் தணிக்கலாம், கேள்வியைத் தணிப்பதில்லை. அதைச் சுமந்துகொண்டு அவன் இன்னொரு வாசலுக்குப் போகிறான்.

மாரியம்மன் கோயில்களில் திருவிழா முடிந்ததும் பிடுங்கப்படும் கம்பம், ராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயிலில் ஆண்டு முழுவதும் நிற்கிறது. அங்கே ஐப்பசியில் தீ மிதிப்பதற்காக யாரும் ஆஸ்பத்திரி மாத்திரையை விட்டுவிட வேண்டியதில்லை. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது படித்தவர்களுக்குச் சுலபம். ஆனால் இரண்டு இடங்களிலும் கேட்கப்படுவது ஒன்றல்ல. டாக்டரிடம் என்ன நோய் என்று கேட்கிறார்கள். அம்மனிடம், எனக்கு ஏன் என்று. இந்தியாவில் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1975-இல் கண்டறியப்பட்டார். 1980-இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒழித்தது தடுப்பூசி. ஆயினும் மாரியம்மன் சந்நிதியில் கூட்டம் குறைந்துவிடவில்லை.

இன்று நம்மைப் பீடிக்கும் முக்கியமான நோய்கள் சில இந்தக் கேள்வியை எழுப்புவதே இல்லை. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பல வருஷங்கள் வலிக்காமலேயே இருந்து சிறுநீரகத்தையும் கண்ணையும் இருதயத்தையும் கெடுக்கின்றன. ஜவ்வரிசி ஆலைக்கு நாள்கூலிக்குப் போகிற பெண் ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டுமானால், அவள் உடம்பு அவளுக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். அது சொல்வதில்லை. ஒரு கருவியில் தெரியும் எண்தான் சொல்கிறது. அவள் வராததை அறியாமை என்பது சரியல்ல; அவள் தன் அனுபவத்தை நம்புகிறாள். இலக்கியத்தில் அனுபவமே பிரமாணம் என்று வாதாடுகிற நாம் அவளிடம் மட்டும் அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இடத்தில்தான் கவனத்துக்குரியதாகிறது. அத்திட்டத்தில் இவ்விரு நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நாடுதல் என்ற வினையின் எழுவாய் மாறிவிட்டது. வள்ளுவர் மருந்தை நான்காகப் பகுத்தபோது நோயுற்றவனை முதலில் வைத்தார். அவன் இப்போது தேடப்படுகிறவன்.

இதில் ஓர் இழப்பு உண்டு. என் உடம்பைப் பற்றி என்னைவிட ஓர் எண்ணுக்கு அதிகம் தெரியும் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். பக்கவாதத்தில் படுத்துவிட்டவனுக்குத் தன் அனுபவத்தின் மேல் என்ன சுதந்திரம்? ஆனால் மாத்திரை கொண்டுவருகிறவர் வாசலில் சற்று நேரம் நிற்கவும் வேண்டும். வலிக்காதபோது ஆயுள் முழுக்க இதை ஏன் விழுங்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்கக்கூடும். அவளுக்குப் புரிகிற பதில் கிடைக்காதவரை மாத்திரை வீடு வரைக்கும்தான் வரும்.