அசையும் சொத்து

1

சொத்தை நம் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது: அசையாதது, அசைவது. 1897-ஆம் வருஷத்துப் பொதுப்பிரிவுகள் சட்டம் அசையாச் சொத்து எது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறது. நிலம், நிலத்திலிருந்து வரும் பயன், நிலத்தோடு பிணைந்து நிற்பவை. அசையும் சொத்துக்கு அது தரும் விளக்கமோ ஒரு வரிதான்: முன்சொன்னவை தவிர மற்ற எல்லாம். அசைவு இங்கே மிச்சம். கணக்கில் முதலில் வருவது நிற்பதுதான். இது சட்டத்தின் மனம் மட்டும் இல்லை. பெண் கொடுக்கப் போகிறவர் பையனுக்குச் சொந்த வீடு இருக்கிறதா என்று முதலில் கேட்கிறார். கார் பற்றிய கேள்வி காபி வந்த பிறகுதான் வரும்.

இந்தப் பிரிவினையின் நடுக்கோட்டில் வந்து நிற்கும் ஒரு பொருளைப் பற்றி ஒரு வருஷமாக யோசித்து வருகிறேன். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் வீடு. இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ். மேல்நாடுகளில் இது வெகு சாதாரணம். உல்லாசத்துக்கென்று கட்டப்பட்ட முதல் வண்டியாகச் சொல்லப்படுவது 1885-இல் பிரிட்டிஷ் கப்பற்படையில் டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் பிரிஸ்டலில் கட்டுவித்தது. இரண்டு குதிரைகள் இழுக்க அவர் அதில் ஸ்காட்லாந்து வரை போனார். ஜிப்ஸிகளின் வண்டியைப் பார்த்து வந்த ஆசை. தம்மை ஒரு கனவான் ஜிப்ஸி என்றே சொல்லிக்கொண்டார். அதற்குப் பதினான்கு வருஷம் முன்பு, 1871-இல், அதே சாம்ராஜ்யம் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உப்பையும் தானியத்தையும் கழுதை, மாடுகள் மேல் ஏற்றி ஊர் ஊராக விற்றுவந்த குறவர்களில் பல பிரிவினரை அது பிடித்தது. ரேகை எடுத்தார்கள், ஆஜர் சொல்ல வைத்தார்கள், முகாம்களில் அடைத்தார்கள். நிற்காமல் போவதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. 1947-இல்தான் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது.

ஒரே நூற்றாண்டு, ஒரே அரசு. ஒருவனுக்கு நகர்வு பொழுதுபோக்கு, இன்னொருவனுக்குக் குற்றம். இதை வெறும் முரண் என்று சொல்லி நகர்ந்துவிட முடியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கிறதோ என்று தோன்றுகிறது.

2

தமிழில் இந்த வண்டிக்குப் பெயர் இல்லை. கேரவன் என்றால் நமக்கு சினிமா. தி. நகர்த் தெருக்களில் படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் நடைபாதையை ஒட்டி நிற்கும் நீண்ட குளிர்சாதன வண்டி, பக்கத்தில் உறுமும் ஜெனரேட்டர். நட்சத்திரம் உள்ளே. துணை நடிகர்கள் மரத்தடியில், ஒப்பனை கலையாமல் இருக்க முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு. 2024 ஆகஸ்டில் வெளியான கேரளத்து ஹேமா கமிட்டி அறிக்கை, படப்பிடிப்பு இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடைமாற்ற இடமும் இல்லாததை எழுதிவைத்தது. ஆக, நாம் அறிந்த நகரும் அறை யாரையும் எங்கும் கொண்டு போவதற்கு ஏற்பட்டதில்லை. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்து வைப்பதற்கு ஏற்பட்டது.

என் நண்பர் வாங்கியது அந்த ஜாதி இல்லை. காந்தி நகர் வாசி. ஓய்வுபெற்ற பாங்க் அதிகாரி. மனைவி காலமாகி மூன்று வருஷம். கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்து வாங்கினார். "இனிமே எனக்கு விலாசம் கிடையாதுப்பா" என்றார். குரலில் இருபது வயது இருந்தது. மறுவாரம் அந்த வண்டியைப் பதிவு செய்யப் போனார். இழுவை வண்டிக்கு மோட்டார் இல்லாவிட்டாலும் தனிப் பதிவு உண்டு. தனி எண் உண்டு. படிவத்தில் நிலையான முகவரிக்கு ஒரு கட்டம் இருந்தது. காந்தி நகர் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் எங்கும் போகவில்லை. ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்த எட்டு மாதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

இழுவை வண்டிக்கு ஒரு கணக்கு உண்டு. மொத்த எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் வேகம் கூடும்போது வண்டி வாலாட்டத் தொடங்கும். பிறகு காரையும் சேர்த்துச் சாய்த்துவிடும். எனவே உள்ளே வைக்கும் ஒவ்வொன்றுக்கும் எடை தெரிய வேண்டும், இடம் தெரிய வேண்டும். நண்பர் ஒரு தராசு வாங்கினார். டம்ளரை நிறுத்தார், குக்கரை நிறுத்தார். மனைவியின் பித்தளைக் குத்துவிளக்கை நிறுத்து, நோட்டில் எழுதி, கோடு போட்டு அடித்து, மறுபடி எழுதினார். புத்தகங்களில் பதினோரு கிலோ என்று வரம்பு வைத்துக்கொண்டார். அந்தப் பதினோரு கிலோவுக்குள் யார் யார் வருவது என்பதில் எங்களுக்குள் இரண்டு சாயங்காலம் சண்டை நடந்தது. இலக்கிய விமர்சனத்தில் இவ்வளவு நேர்மையாக நான் பேசி வெகுநாளாயிற்று.

நிற்கும் வீட்டில் பொருளுக்கு எடை இல்லை. பரணில் கிடக்கும் வெண்கலப் பானையைத் தரை சுமக்கிறது, நாம் சுமப்பதில்லை. சுமையை மண்ணிடம் தள்ளிவிட்டு உடைமையை மட்டும் நம்மிடம் வைத்துக்கொள்வதற்குத்தான் அசையாச் சொத்து என்று பெயரோ என்னவோ. காப்ரியல் மார்செல் 1935-இல் வந்த தன் புத்தகத்தில், நான் வைத்திருப்பது கடைசியில் என்னை வைத்திருக்கத் தொடங்குகிறது என்கிற பொருள்பட எழுதினார். சரிதான். ஆனால் அது எத்தனை கிலோ என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. தராசுக்கு வந்த பொருள் வெறுமனே 'என்னுடையது' என்று இருந்துவிட முடியாது; தான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது நமக்குப் புதியதும் இல்லை. உமணர்கள் உப்பு வண்டியோடு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். புறநானூற்றில் ஔவை ஒரு தலைவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறாள். எல்லாவற்றையும் எடை பார்த்து ஏற்றுகிறவன் உபயோகப்படாமலே போகக்கூடிய ஒரு பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறான். ஆயத்தம் என்பதன் முழு அர்த்தமும் அதில் இருக்கிறது.

3

தண்ணீரும் கழிவும் இன்னும் கூர்மையான பாடம். மயிலாப்பூரில் குழாயைத் திறந்தால் வருவது எந்த ஏரி என்று நான் கேட்பதில்லை. சங்கிலியை இழுத்தால் போவது யார் கைக்கு என்றும் கேட்பதில்லை. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது மட்டும் கொஞ்ச நாள் தெரிந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது; தெருமுனையில் லாரிக்குக் குடங்கள் வரிசை போட்டன. வீடு அசையாமல் நின்றது, அதை வீடாக வைத்திருந்தவை எல்லாம் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மழை வந்தது, மறந்துவிட்டோம். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறிக் கோட்டூர்புரத்து வீடுகளுக்குள் வந்ததையும் அப்படித்தான் மறந்தோம்.

இழுவை வண்டியில் மறக்க முடியாது. நாளுக்கு எத்தனை லிட்டர் என்பது தொட்டியில் தெரிகிறது. கழிவுப் பெட்டி நிரம்பினால் அதைக் கையால் கழற்றி எடுத்து, ஒரு இடம் தேடிக் கொட்டிக் கழுவ வேண்டும். மேல்நாட்டில் இதற்கென்று நிலையங்கள் உண்டு. நம் சாலைகளில் கிட்டத்தட்டக் கிடையாது. முதல் பயணத்திலேயே நண்பருக்கு யோசனை சொல்ல ஆள் வந்துவிட்டது. "முன்னூறு குடுங்க சார், பையன் ஒருத்தன் இருக்கான், எடுத்துப் போட்டுடுவான்." மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அந்தப் 'பையன்' எந்தத் தெருவிலிருந்து வருவான் என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. நண்பர் தானே எடுத்தார். அறுபத்து நான்கு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக. இதைப் பெருமையாக அவர் சொல்லவில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாத்தம் பெரிசில்லை. இத்தனை வருஷமா யாரோ எடுத்திருக்கான்கிறதுதான்" என்றார்.

ஹைடெக்கர் 1951-இல் ஆற்றிய உரை ஒன்றில், கட்டுவதால் நாம் வசிப்பதில்லை, வசிக்கிறவர்களாக இருப்பதால்தான் கட்டுகிறோம் என்று வாதித்தார். அழகான சிந்தனை. ஆனால் அதில் சாக்கடை இல்லை. வசித்தல் என்பது மண்ணோடும் வானத்தோடும் கொள்ளும் உறவு என்றால், நடுவில் நின்று எடுத்துப் போடுகிறவன் யார்? இந்த நாட்டில் வசிப்பதைப் பற்றித் தத்துவம் பேசுகிறவன் அவனைத் தாண்டி வானத்துக்குப் போய்விட முடியாது.

4

நகர்வே விடுதலை என்று ஒரு வாதம் உண்டு. வீடு என்ற சொல் மோட்சத்தையும் குறிக்கும் என்கிற மேடைச் சாமர்த்தியத்தை இங்கே விட்டுவிடலாம். அது தேய்ந்துபோன காசு. அடையாற்றிலேயே கனமான உதாரணம் இருக்கிறது. ஜே. கிருஷ்ணமூர்த்தி 1929-இல் தனக்காக ஏற்பட்ட ஸ்தாபனத்தைக் கலைத்தார். அதன் பேரில் வந்த சொத்துக்களைத் திருப்பினார். 1986 ஜனவரியில் வசந்த விஹாரில் கடைசியாகப் பேசும்வரை கண்டம் கண்டமாகப் பிரயாணம் செய்துகொண்டே இருந்தார். தன்னுடையது என்று வீடு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் போன இடத்திலெல்லாம் அவருக்காக ஒரு அறை பெருக்கித் தயாராக இருந்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உடைமையற்ற நகர்வும் எங்கோ யாரோ நின்று காத்திருப்பதால்தான் சாத்தியமாகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

மயிலாப்பூர்க்காரனுக்கு இது தெரிந்த விஷயம். கபாலீசுவரர் கோயில் முதலில் கடற்கரையில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்து இப்போதைய இடத்தில் எழுந்தது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. சாமியே குடிபெயர்ந்தவர். பங்குனி உற்சவத்தில் ஏழாம் நாள் அவர் தேரில் வருகிறார். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிறார்கள். மாட வீதி சுற்றி முடிந்ததும் தேர் நிலைக்கு வந்துவிட்டது என்கிறார்கள். நிலை என்பது இங்கே ஒரு இடத்தின் பெயர். நிலை உள்ளதால்தான் அந்த ஒரு நாள் ஓட்டம் ஊர்வலமாகிறது. நிலை இல்லாத ஓட்டத்துக்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது: அலைச்சல்.

ஒரு இரவு நண்பர் மாமல்லபுரம் தாண்டிச் சாலையோரத்துத் தோப்பில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். கொஞ்சம் தள்ளி, தார்ப்பாய் கட்டி ஒரு நரிக்குறவர் குடும்பம். 2023 தொடக்கத்தில்தான் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். நள்ளிரவில் ரோந்து வந்தவர்கள் தார்ப்பாயைப் பிரிக்கச் சொன்னார்கள். பிறகு இவர் கதவைத் தட்டினார்கள். பதிவு அட்டையைக் காட்டினார். விலாசத்தைப் படித்துவிட்டு, "பத்திரமாப் பூட்டிக்கிட்டுப் படுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரே தோப்பு, ஒரே இரவு, இரண்டு பேருமே வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். அவ்வளவு நிறுத்துப் பார்த்து ஏற்றிய வண்டியில் எடையே போடப்படாமல் வந்திருந்தது அந்த காந்தி நகர் விலாசம்தான்.

அந்த விலாசம் எதன் மேல் நிற்கிறது என்று பார்க்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2000-லிருந்து ஆற்றங்கரைக் குடிசைவாசிகள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பப்பட்டு வருகிறார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். நிற்க விரும்பியவர்கள் அவர்கள். நகர விரும்பியவர் என் நண்பர். நின்றவர்களை நகரம் நகர்த்தியது. நகர்ந்தவருக்கு அது நிலையைப் பத்திரமாக வைத்திருந்தது.

அப்படியானால் அந்த வண்டியை வாங்கியது தப்பா? தப்பு என்று சொன்னால் என் மயிலாப்பூர் வீடு அதைவிடக் கனமான தப்பு. அதற்குத் தராசே கிடையாது. நண்பருக்கு அந்த வண்டி கற்றுக்கொடுத்ததை எனக்கு என் சுவர்கள் ஒருநாளும் கற்றுத்தரப் போவதில்லை. ஆனால் அவரே ஒப்புக்கொள்கிறார்: தண்ணீரை அளந்தாயிற்று, கழிவைத் தொட்டாயிற்று, சாமானை நிறுத்தாயிற்று, அன்று இரவு கதவைப் பூட்டிக்கொண்டு படுத்ததும் தான்தான். சுதந்திரம் என்பது போகும் உரிமை என்று நாம் நெடுநாளாகப் பேசிவருகிறோம். ராத்திரி நின்ற இடத்தில் விடியும்வரை நிற்கும் உரிமை அதைவிட முந்தியது என்று எனக்குப் படுகிறது. முதலாவதை விலை கொடுத்து வாங்கலாம், கரூரில் கட்டித் தருகிறார்கள். இரண்டாவதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கும்வரை அது உரிமை ஆகாது. அசையாச் சொத்தில் இன்னொன்று, அவ்வளவுதான்.