பிள்ளையின் மேனியும் பெற்றோரின் சந்தேகமும்

ஈரலிலிருந்து இரத்தம் வெளியேறும் நாளங்கள் அடைபடும் நோய்க்கு பட்-கியாரி நோய் என்று பெயர். 1845-ல் இலண்டனில் ஜார்ஜ் பட் என்பவரும், 1899-ல் பிராக் நகரில் ஹான்ஸ் கியாரி என்பவரும் இதனை விவரித்தனர். அபூர்வமாகச் சிறு பிள்ளைகளுக்கும் இது வருவதுண்டு. இரத்தம் தேங்கி ஈரல் வீங்கும், நாளடைவில் தழும்பேறும்.

தழும்பு எவ்வளவு என்றறிய இரு வழிகள் உண்டு. ஒன்று, ஊசி செலுத்தி ஈரலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்ணும் பிள்ளைக்கு இதில் இரத்தப்போக்கின் அபாயம் அதிகம். அத்துண்டும் முழு ஈரலில் ஏறத்தாழ 50,000-ல் ஒரு பங்குதான். மற்றது எலாஸ்டோகிராபி. தோல்மேல் கருவியை வைத்து அதிர்வலையை அனுப்புவார்கள். ஈரல் கெட்டியாக இருந்தால் அலை விரைந்தோடும். வலியில்லை.

அப்படியானால் ஊசி எதற்கு? இங்குதான் சிக்கல். கருவி காண்பது கெட்டித் தன்மையை, தழும்பை அல்ல. இரத்தம் தேங்கினாலும் ஈரல் கெட்டியாகும். உணவுண்டவுடன் பார்த்தாலும் அளவு ஏறும். அடைப்பை நீக்கிய சில நாட்களிலேயே அளவு இறங்கிவிடுவதுண்டு. தழும்போ அவ்வளவு விரைவில் மறையாது.

சாட்சி சொல்பவர் தாம் கண்டதையே சொல்ல வேண்டும். கேட்பவரும் அதற்குமேல் கற்பித்துக்கொள்ளலாகாது. இக்கருவியும் ஒரு சாட்சியே. எண் ஏறியது கண்டு பதறுவதும், இறங்கியது கண்டு நோய் தீர்ந்ததென்று மருந்தை நிறுத்துவதும் அது சொல்லாததை நாமே சொல்லிக்கொள்வதாகும். ஒரே பிள்ளையின் அளவை மாதங்கள்தோறும் ஒப்பிட்டு, மற்றப் பரிசோதனைகளுடன் சேர்த்துப் பார்ப்பதே பயன்தரும்.

"எனக்கு நிச்சயமாகத் தெரிந்தாக வேண்டும், ஊசியே போடுங்கள்" என்பார் வாப்பா. "என் பிள்ளைக்கு ஊசியே வேண்டாம்" என்பார் உம்மா. இருவரும் தங்கள் நிய்யத்தைச் சோதித்துப் பார்க்கட்டும். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதில் தெரியவரும் விடையால் என் பிள்ளையின் சிகிச்சை மாறுமா?"

மாறுமென்றால் ஊசி கொடுமையல்ல. நம் மனம் தாங்காதென்று அதை மறுப்பதே பிள்ளைக்குச் செய்யும் துரோகம். மாறாதென்றால், நம் சந்தேகம் தீர்வதற்காகப் பிள்ளை வலி சுமக்கிறது. சம்மதம் சொல்லவும் மறுக்கவும் அறியாத அந்த மேனி நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்கப்படும் என்பதை நெஞ்சில் வைத்து முடிவெடுப்போமாக!