‘அண்ணே’ என்று அழைத்த பிறகு

சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை திண்டிவனத்தில் கிளை விடுகிறது. ஒன்று விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கு, ஒன்று புதுச்சேரிக்கு, ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு, ஒன்று மரக்காணத்துக்கு. சாலை பிரிகிற ஊரில் நிலத்துக்கு விலை ஏறாமல் இருக்காது. மல்லாட்டையும் கரும்பும் சவுக்கும் விளைந்த கொல்லைகளில் இப்போது கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, ஏதோவொரு ‘நகர்’ என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். சென்னையில் அரை கிரவுண்டுக்கும் வழியில்லாதவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வளைகுடாவில் வேலை செய்கிறவர்களின் வீட்டார் என்று வாங்க வருகிறவர்கள் பலவிதம். அவர்களுக்கும் நிலத்துக்கும் நடுவில் நிற்பவர் தரகர். விசிட்டிங் கார்டில் ‘ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட்’. ஊர் வாயில் புரோக்கர்.

இந்தத் தொழிலுக்குக் கடை வேண்டாம், முதலும் அதிகம் வேண்டாம், பழக்கம் வேண்டும். எந்த வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கிறது, யார் மகளுக்கு வரன் கூடியிருக்கிறது, யார் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் புரட்டுகிறார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். சைட் பார்க்க வந்தவர் இரண்டாம் சந்திப்பிலேயே ‘அண்ணே’ ஆகிவிடுகிறார். அவர் மனைவி ‘அண்ணி’. தரகர் வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு, தரகர் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பத்திரிகை, வாங்கியவரின் புதுமனைப் புகுவிழாவில் தரகர் எழுதும் மொய் என்று அது வளர்கிறது. வியாபாரம் எங்கே முடிந்தது, உறவு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம். வாடிக்கையாளரை இப்படி வீட்டு மனிதராக்கிக்கொள்வது ஒரு தரகருக்குத் தகுமா? தகுமென்றால், அதற்கு ஈடாக அவர் என்ன கொடுக்கக் கடமைப்பட்டவர்?

உறவை விற்றுப் பிழைக்கிறார்கள் என்று பழித்துவிடுவது எளிது. அது நியாயமும் ஆகாது. கீரை விற்கிற ஆயா ‘கண்ணு’ என்று கூப்பிடுவதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை. தரகரின் உறவுச் சொற்களில் பாதிக்கு மேல் உண்மையானவை என்றுகூடச் சொல்லலாம். அவர் அதே ஊர்க்காரர். மனை விற்றதும் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிற கம்பெனி ஆள் இல்லை. போர்வெல் போடுகிறவர், கொத்தனார், மின் இணைப்புக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதுவரை பத்திரம் முடிந்த பின்னும் அவரிடம்தான் கேட்கிறார்கள். அந்த வேலைக்கெல்லாம் கமிஷன் கிடையாது.

அவர் வீட்டு அடுப்பையும் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் இல்லை. பத்திரம் பதிவானால்தான் காசு. ஒரு சதவீதமோ இரண்டு சதவீதமோ பேசியிருந்தாலும், பதிவு முடிந்ததும் ‘பார்த்துக் கொடுத்துக்கலாம்’ என்று குறைக்கிறவர்கள் உண்டு. பத்துப் பேரை வண்டியில் வைத்துக் கூட்டிப்போனால் ஒருவர் வாங்கலாம், பெட்ரோல் அவருடையது. 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விளைநிலங்கள் கணக்கில்லாமல் கூறுபோடப்படுவதைத் தடுக்க அது தேவையான உத்தரவுதான். ஆனால் 2017-இல் வரன்முறை விதிகள் வந்து வழி திறக்கும்வரை, சின்ன ஊர்த் தரகர்களின் வீடுகளில் பள்ளிக் கட்டணத்துக்கும் திண்டாட்டம். குறையைச் சொன்னால் பார்ட்டி போய்விடும், பேசாமல் இருந்தால் கூலி வரும் என்று அமைந்த தொழில் இது. அந்த நெருக்கடியைக் கணக்கில் எடுக்காமல் தரகருக்கு அறம் சொல்வது, சம்பளக்காரர்களின் சொகுசு.

சிக்கல் இருப்பது வேறிடத்தில். முன்பின் தெரியாத ஆளிடம் நிலம் வாங்குகிறவர் எல்லாவற்றையும் கேட்பார். தாய்ப் பத்திரம் எங்கே, முப்பது வருட வில்லங்கச் சான்று எங்கே, பட்டா யார் பெயரில், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றெல்லாம் துருவுவார். ‘தம்பி’யிடம் வாங்குகிறவருக்கு அதே கேள்விகள் தொண்டைக்குள் நின்றுவிடுகின்றன. தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ‘அந்தப் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டணும்’ என்று சொல்லக் கூச்சம். சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம். இந்தத் தயக்கம் தரகர் திட்டமிட்டு உண்டாக்கியதாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதனால் வருகிற லாபம் அவருக்குத்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தென்பெண்ணை பெருகி, அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையே வெள்ளத்தில் மூழ்கியது. இது எந்த ஊரையும் புரட்டிப்போடும் மழை. அதற்குத் தரகர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஏரியின் கலங்கல் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், எந்தக் கொல்லையில் ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பது உள்ளூர்க்காரருக்குச் சாதாரண நாளிலேயே தெரியும். வில்லங்கச் சான்றில் அது வராது. அதில் பதிவான அடமானமும் கிரயமும் தெரியுமே தவிர, தண்ணீர் வந்துபோகிற தடம் தெரியாது. சித்திரை வெயிலில் சைட்டைக் காட்டும் தரகர், காய்ந்த அந்தத் தரையைப் பற்றி வாயைத் திறக்க வேண்டுமா? வாங்குகிறவர் கேட்கவே இல்லை என்றால்?

இந்தக் கேள்விக்கு வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். கி.மு. 44-இல் ரோமானிய அறிஞர் சிசரோ கடமைகள் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வீட்டு விற்பனையைப் பேசுகிறார். வீட்டுக்குள் பாம்பு வருகிறது, மரம் மட்டமானது, குடியிருந்தால் நோய் வரும். விற்பவருக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் விற்றால் குற்றமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ், ஆகாது என்கிறார். பொய் சொன்னால் ஏமாற்று. சொல்லாமல் விடுவது ஏமாற்று அல்ல, வாங்குகிறவர் கண்ணைத் திறந்து பார்க்கட்டும். ‘நோய் பிடிக்கும் வீடு விற்பனைக்கு’ என்று யாராவது தண்டோரா போடுவார்களா என்று கேட்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் மறுக்கிறார். வழி தெரியாமல் தவிக்கிறவருக்கு வழி காட்டாமல் போவதே தவறு என்றால், தெரிந்தே ஒருவரைப் படுகுழியில் இறங்க விடுவது அதைவிட மோசம் அல்லவா என்பது அவர் வாதம். சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார்.

அந்நியர்களுக்கு இடையிலான வியாபாரத்தில் டயோஜெனிஸின் வாதத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு. இருவரும் விழிப்பாக இருக்கிறார்கள்; ஒருவர் மறைப்பார் என்று மற்றவர் எதிர்பார்த்தே வருகிறார். ‘அண்ணே’ என்று அழைத்தவருக்கு அந்த வாதம் கிடையாது. எதிரிலிருப்பவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைத் தன் பழக்கத்தால் தளர்த்திவிட்ட ஒருவர், ‘அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை’ என்று சொல்ல முடியாது. நெருங்கிய அளவுக்குச் சொல்லக் கடமை கூடுகிறது. உறவு கொண்டாடுவது தவறில்லை. உறவு கொண்டாடிவிட்டு அந்நியனுக்குரிய மௌனத்தையும் வைத்துக்கொள்வதுதான் தவறு.

சட்டம் இதில் பாதி தூரம்தான் வருகிறது. 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத்தரும் ஏஜென்ட் தானும் பதிவு பெற வேண்டும் என்கிறது. வாய்வழியாகச் சொல்லும் பொய்யும் அதன்படி முறையற்ற வணிகம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு மனைப்பிரிவு, தனியார் கைமாற்றும் பழைய வீடு, கொல்லைமேட்டு ஐந்து சென்ட் எல்லாம் அதன் வலைக்குள் வருவதில்லை. சின்ன ஊர்த் தரகரின் பிழைப்பில் பெரும்பகுதி அங்கேதான். 1882-இன் சொத்து மாற்றுச் சட்டம், சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. அங்கே கடமை விற்பவருக்கு. 1872-இன் ஒப்பந்தச் சட்டம் இன்னொரு வழக்கத்தைத் தொடுகிறது. ‘ஓனருக்கு நெட் இவ்வளவு’ என்று பேசிவிட்டு, மேலே வைத்து விற்று, வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளும் தரகர்கள் உண்டு. உரிமையாளருக்குத் தெரிந்து அவர் சம்மதித்தால் அது பேரம். தெரியாமல் தரகரே பினாமி பெயரில் வாங்கி விற்றால், அந்த லாபத்தைக் கேட்க உரிமையாளருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு கதை.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பதும் சரியில்லை. விற்கிறவரும் தரகருக்கு அண்ணனோ அக்காவோதான். மகள் கல்யாணத்துக்காகத் தை மாதத்துக்குள் விற்றாக வேண்டிய ஒரு கைம்பெண்ணின் அவசரத்தை வாங்குகிறவர் காதில் போட்டால், அடுத்த நொடி விலை விழும். அதைச் சொல்லாமல் காப்பதே தரகரின் கண்ணியம். நிலத்தின் குறை வாங்குகிறவருக்குச் சேர வேண்டியது. வீட்டின் கஷ்டம் அந்த வீட்டுக்குச் சொந்தம். பெரும்பாலான நேரம் இந்தக் கோடு தெளிவாக இருக்கும்.

கோடு மங்குகிற இடங்களும் உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. நாடு முழுவதற்கும் அது 2005-இல் வந்தது. கட்டிக்கொடுத்த அக்காவின் கையெழுத்து இல்லாமல் தம்பிமார் விற்கிறார்கள் என்பது தரகருக்குத் தெரியும். குடும்ப விஷயம், நமக்கெதற்கு என்று விட்டுவிடலாமா? முடியாது. அது பத்திரத்தின் ஓட்டை. பஞ்சமி நிலமும் இப்படித்தான். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பின், 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலம் அது. வேறு சாதியாருக்கு விற்றால் செல்லாது. ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த அந்தச் சங்கதி வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அங்கே வாய்மூடும் தரகர் இரண்டு வீடுகளுக்குத் துரோகம் செய்கிறார்: வாங்கி ஏமாறுகிற வீட்டுக்கும், நிலத்தை இழந்த வீட்டுக்கும்.

வாடகை வீடு பார்க்கும்போது எழுகிற ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வியையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் நேரில் கேட்கக் கூசுவதைத் தரகர் வாயால் கேட்க வைக்கிறார். சிலர் கேட்காமலேயே பெயரையும் தெருவையும் வைத்து வடிகட்டிவிட்டு, ‘வீடு போயிடுச்சு சார்’ என்று போனை வைக்கிறார்கள். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நடந்த கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அப்படியொரு நினைவைச் சுமக்கும் வட்டாரத்தில் இந்தக் கேள்வியை ‘ஓனர் விருப்பம்’ என்று சாதாரணமாகக் கடத்திவிட முடியாது. விற்பவரின் கஷ்டத்தை மறைப்பது கண்ணியம் என்றோம்; வீட்டுக்காரரின் சாதி வெறுப்புக்கு ஆள் வேலை செய்வது அந்தக் கணக்கில் வராது. எல்லோரையும் அண்ணன் என்று அழைக்கிற வாய், எந்த அண்ணனுக்கு வீடில்லை என்பதைத் தீர்மானிக்கும் வாயாகவும் இருப்பது கொடுமை.

உண்மை சொல்கிற தரகர் பட்டினி கிடக்க வேண்டியதுதானா என்று கேட்கலாம். சில பேரங்களை அவர் இழப்பார் என்பது உண்மை. அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. வள்ளுவர் வாணிகம் பற்றிய குறளைப் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தது கவனிக்கத்தக்கது. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவருக்கு நடுவுநிலைமை தொழிலின் அடிப்படை. ஒரு பக்கத்தை இருட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கத்திடமும் கூலி வாங்குவதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தரகரின் மௌனத்துக்கு விலை வைத்தது, பேசிய கமிஷனைக் கடைசியில் வெட்டுகிற நம் பழக்கமும்தான். பேசியதைக் கொடுங்கள். ‘தம்பி, தப்பா எடுத்துக்காதே’ என்று சொல்லிவிட்டே வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் எடுக்கலாம். பட்டாவையும் அ-பதிவேட்டையும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பார்க்கலாம். கார்த்திகை மழையில் ஒருமுறை, தரகரையும் கூட்டிக்கொண்டு, மனையைப் போய்ப் பாருங்கள்.